டப்பா பார்க்கப் போன நாள்

ஃபேக்டரியில் அவளுக்கு எறும்பு என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டோடு சரி. ஆள் குள்ளம், நடையில் வேகம், சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் கம்மி. கேட்டால் பதில் வரும். சில சமயம் கேட்டாலும் வராது.

பத்தொன்பது வயதில் அந்த ஃபேக்டரியில் சேர்ந்தாள். பட்டாணி, சோளம், தக்காளி எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்து அனுப்பும் இடம் அது. மூடி போடும் மெஷினைத் தாண்டி டப்பாக்கள் பெல்ட்டில் வரிசையாக ஓடி வரும். ஒடுங்கியது, உப்பியது, மூடி சரியாக உட்காராதது என்று எது கண்ணில் பட்டாலும் கையால் தட்டிப் பக்கத்துத் தொட்டியில் தள்ள வேண்டும். அதுதான் அவள் வேலை. டப்பாவுக்கு இரண்டு பக்கமும் உண்டு என்பதால் பெல்ட்டுக்கும் இரண்டு பக்கம் ஆள் உண்டு. அவளுக்கு நேர் எதிரே நின்றவளுக்குப் பெயர் ரேடியோ.

ஏன் ரேடியோ என்று யாரும் கேட்டதில்லை. கேன்டீனுக்குள் அவள் நுழைவதற்கு முன்னால் அவள் குரல் நுழைந்துவிடும். மாமியார் கதை, மாடி வீட்டுக்காரன் கதை, தனக்கு வந்த கனவு, பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்த கனவு என்று மூச்சு விடாமல் பேசுவாள். எறும்பு எதிரே உட்கார்ந்து கேட்பாள். சூப்பர்வைசர் ஒருமுறை எறும்பின் மேல் வீண்பழி போட்டபோது அவள் வாயடைத்து நின்றாள். அவளுக்காக ரேடியோதான் அரை மணி நேரம் வாதாடினாள். முடிவில் சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டார். பேச்சை நிறுத்தத்தான் கேட்டார் என்றும் சொல்வார்கள்.

பெல்ட் பக்கத்தில் மெஷின் போடுகிற சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காது. எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். பஞ்சு வைத்தால் ரேடியோ நிற்குமா? சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேச ஆரம்பித்தாள். எறும்புக்கு ஒரு கண் டப்பாவில், ஒரு கண் ரேடியோவின் உதட்டில். மூன்று மாதத்தில் பாதி புரிந்தது. ஒரு வருஷத்தில் எல்லாம் புரிந்தது. ஆனால் உதட்டுப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. ‘ப’வும் ‘ம’வும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால் நடந்த கூத்தை அந்த ஷிஃப்ட்டில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஒருநாள் காலை ரேடியோ முகமெல்லாம் பூரித்து, “பாப்பா வரப்போகுது” என்றாள்.

எறும்புக்கு அது “மாமா வரப்போகுது” என்று தெரிந்தது.

“எந்த மாமா?”

“எந்தப் பாப்பாவா? என்னடி கேள்வி இது?”

“சரி, எப்ப வர்றாரு?”

“இன்னும் ஏழு மாசம் இருக்கு.”

“ஏழு மாசமா! நடந்தா வர்றாரு?”

ரேடியோ பெல்ட்டின் மேல் குப்புற விழுந்து சிரித்ததில் ஒடுங்கிய டப்பாக்கள் இருபது முப்பது கேட்பாரின்றி ஓடிப்போயின. அந்த மாமாதான் பிறகு அவள் மகனாகப் பிறந்து, வளர்ந்து, கொரியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டான்.

முப்பத்தொரு வருஷம் இப்படி எதிரெதிரே நின்றார்கள். எறும்புக்கு இதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யார் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். “கல்யாணமான புதுசுல என் பல்லுல ஏதோ ஒட்டியிருக்குன்னு நினைச்சு நினைச்சு வாயைத் துடைச்சேன்” என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வீட்டில் டிவியைச் சத்தம் இல்லாமல் போட்டுவிட்டு அவள் பார்த்துக்கொண்டிருப்பாள், அவர் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து ரேடியோவின் குரல் கம்மியது. சளி என்றார்கள். சளி இல்லை என்று ஆனது. குரல்வளையை முழுதாக எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கழுத்தின் அடியில் ஒரு துவாரம் வைத்து, இனி மூச்சு அதன் வழியாகத்தான் என்றார்கள். ரேடியோ அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வருகிற ஒரு சின்னக் கருவியை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அதை வைத்துப் பேத்தியைக் கூப்பிட்டாள். தகரத்தை உரசுவது மாதிரி ஒரு குரல் வந்தது. நான்கு வயதுக் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்தது. கருவி அலமாரிக்குப் போனது. பதிலுக்கு மகன் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்து கயிறு கட்டிச் சுவர் ஆணியில் மாட்டினான்.

எறும்பு ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினோரு நிறுத்தம் பஸ்ஸில் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவாள். முதல் வியாழக்கிழமையே அவள் எதிரே உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் சத்தமில்லாமல் வாயசைத்து, “எப்படிடி இருக்க?” என்று கேட்டாள். ரேடியோ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு நோட்டை எடுத்து எழுதினாள்: ‘கண்ணாடி முன்னாடி பேசிப் பார்த்தேன். தரையில கிடக்குற மீன் மாதிரி இருக்கு. வேணாம்.’

எறும்பு அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவளுக்குத் தெரியாது. முப்பத்தொரு வருஷம் பேசுகிற வேலையை அவள் செய்ததே இல்லை, இப்போது அது அவள் தலையில் விழுந்தது. மழை வரும் போல இருக்கு என்பாள். பஸ்ஸில் கூட்டம் என்பாள். வீட்டுக்காரருக்கு முதுகு வலி என்பாள். பிறகு இருவரும் டீ ஆறுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார்கள். டீயை வாயால் ஊதிக் குடிக்கக்கூட ரேடியோவுக்கு இனி முடியாது; காற்று கழுத்து வழியாகப் போய்விடுகிறது. எறும்புதான் இரண்டு டம்ளரையும் ஊதி, ஒன்றை அவள் பக்கம் நகர்த்துவாள். ஏழு மாதம் இப்படி ஓடியது. அந்த ஏழு மாதமும் ஆஸ்பத்திரிக்குப் போனதைத் தவிர ரேடியோ வாசற்படி தாண்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பஸ் நிறுத்தத்தில் எறும்பு அந்தப் போஸ்டரைப் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு பட்டாணி டப்பா. மேலே மியூசியத்தின் பெயர், கீழே ‘பாப் ஆர்ட் கண்காட்சி’ என்று எழுத்து. பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தாள். டப்பாவின் மடிப்பு, மூடியின் விளிம்பு, லேபிள் ஒட்டுகிற இடத்தில் தெரிகிற கோடு எல்லாம் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்தார். “டப்பாவைப் பார்க்க டிக்கெட் எடுக்கணுமா? சமையல்கட்டு அலமாரியைத் திற, நான் சும்மாவே காட்டறேன்.”

“பாப் ஆர்ட்டுன்னா என்னங்க?”

“பாப்னா பாட்டு. ஆர்ட்னா படம். பாட்டுப் பாடற படமா இருக்கும்.”

அதற்கு மேல் அவரைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாள். வியாழக்கிழமை ரேடியோவிடம் போய், “வர்ற வாரம் மியூசியம் போறோம்” என்றாள்.

ரேடியோ நோட்டில் எழுதினாள்: ‘ஊமையை ஊர்வலம் விடப் போறியா?’

எறும்புக்குச் சுருக்கென்றது. பிறகு சொன்னாள்: “அங்க யாரும் பேச மாட்டாங்கடி. பேசினாத்தான் தப்பு. சத்தம் போடாதீங்கன்னு சுவருக்குச் சுவரு எழுதியே வெச்சிருப்பாங்க. உன்னை மாதிரி ஆளுக்குன்னே கட்டின இடம்.”

தன் வாயிலிருந்து இத்தனை வாக்கியம் தொடர்ந்து வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். ரேடியோ அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ‘உன்னை மாதிரி ஆளுக்கு’ என்று ஏழு மாதத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. எல்லோரும் அதைச் சுற்றி வளைத்துத்தான் நடந்தார்கள். நோட்டில் ஒரே வார்த்தை எழுதினாள்: ‘எத்தனை மணிக்கு?’

மியூசியம் பெரிய கட்டடம். உள்ளே குளிர், தரை வழுவழுவென்று பளபளத்தது. டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் எறும்பு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “இந்த பாப் ஆர்ட்டுன்னா என்னம்மா?”

“நாம தினம் பார்க்கற சாமான்தான் ஆன்ட்டி. சோப்பு, விளம்பரம், காமிக்ஸ் புக், டப்பா. அதையெல்லாம் பெருசா கலரா செஞ்சு வெச்சிருப்பாங்க. உள்ள போய்ப் பாருங்க, ஜாலியா இருக்கும்.”

முதல் அறையில் சுவர் முழுக்க ஒரு பெண்ணின் முகம். காமிக்ஸ் புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்து நூறு மடங்கு பெரிதாக்கின மாதிரி, கன்னமெல்லாம் சிவப்புப் புள்ளி, ஒவ்வொன்றும் ஒரு பொத்தான் அளவு. ரேடியோ பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த அறையில் துணியில் தைத்துப் பஞ்சடைத்த ஒரு செருப்பு, கட்டில் நீளத்துக்குக் கிடந்தது. அதற்கு அடுத்ததில் சோப்புப் பெட்டிகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். எறும்புக்கு முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. கூட்டி வந்தது தப்போ என்று நினைத்தாள். ரேடியோ கழுத்துத் துணியை விரலால் பிடித்தபடி, யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து நடந்தாள்.

நான்காவது அறையில் டப்பாக்கள் இருந்தன.

நீளமான அறை. ஒரு பக்கச் சுவர் முழுவதும் டப்பாப் படங்கள், வரிசைக்குப் பன்னிரண்டு, ஐந்து வரிசை. எல்லாம் பட்டாணி. பச்சை லேபிள், வெள்ளை எழுத்து, மேலே வெள்ளி மூடி. எறும்பு எதிர்ச்சுவர் ஓரமாக இருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து காலை நீட்டினாள். ரேடியோ மட்டும் படங்களை நோக்கிப் போனாள்.

அவள் எப்படி நடக்கிறாள் என்று எறும்பு கவனித்தாள். இடது கோடியில் ஆரம்பித்து, ஒரே சீராக, நிற்காமல், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் போனாள். முதல் வரிசை முடிந்தது. திரும்ப இடது கோடிக்கு வந்தாள். இரண்டாவது வரிசை. மூன்றாவது வரிசையில் பாதி தூரம் போய் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். ஓர் அடி பின்னால் வந்து மறுபடி பார்த்தாள். பிறகு சடாரென்று திரும்பி, அந்தச் சுவரோரத்திலிருந்தே வாயசைத்தாள்.

“மூணாவது வரிசை, ஏழாவது. மூடி சரியா உட்காரல.”

எறும்பின் கை, மூளையைக் கேட்காமலேயே, பெஞ்சிலிருந்து எழும்பி வலது பக்கம் தட்டியது. வாயும் அசைந்தது: “தள்ளி விடு.”

அப்புறம்தான் நடந்தது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ரேடியோவுக்கும் அதே நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். கையை வாய்மேல் பொத்திக்கொண்டாள். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வரிசையாக இருவருக்கும் நடுவில் புகுந்து போனது. முப்பது நாற்பது தலைகள். எறும்பு பெஞ்சை விட்டு எழுந்து நின்று, அந்தத் தலைகளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்தாள். கூட்டம் விலகியதும் ரேடியோ அங்கேயே நின்றாள். பொத்தின கையை எடுத்தாள்.

“நான் பேசறது புரியுதாடி?”

“புரியாம? முப்பத்தொரு வருஷமாச்சு, இன்னும் புரியலைன்னா நான் என்ன மரக்கட்டையா?”

“அசிங்கமா இல்லையா?”

“முன்னாடி மட்டும் என்ன அழகாவா இருந்துச்சு?”

ரேடியோ சிரித்தாள். சத்தம் வரவில்லை. தோள் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது. எறும்புக்கு அதைப் பார்த்துக் கண்ணில் நீர் கோத்தது.

அதன் பிறகு இருவரும் நகரவில்லை. அவள் அந்தச் சுவரோரம், இவள் இந்தச் சுவரோரம். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் நடுவில் வந்து போனார்கள். இரண்டு அம்மாக்கள் எட்ட எட்ட நின்று படம் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ரேடியோ ஏழு மாதத்தையும் கொட்டினாள். ஆஸ்பத்திரிச் சாப்பாடு, பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை, மருமகள் தன்னிடம் காட்டுகிற அதிகப்படியான மரியாதை, மகன் ராத்திரி யாருக்கும் தெரியாமல் அழுதது. எறும்பு தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள்.

“உன் மேல எனக்குக் கோபம் தெரியுமா?” என்றாள் ரேடியோ நடுவில்.

“எதுக்கு?”

“வாராவாரம் வந்து மழை, பஸ்ஸு, முதுகு வலின்னு சொல்லிட்டுப் போன. ஒருநாளாவது என்னைப் பிடிச்சு உலுக்கி ‘பேசுடி’ன்னு சொன்னியா?”

“நீதான் வேணாம்னு எழுதினியே.”

“எழுதினா? நான் வேணாம்னா விட்டுருவியா?”

எறும்பு யோசித்தாள். “எனக்குச் சண்டை போடத் தெரியாதுடி. அதெல்லாம் எப்பவும் நீதானே பார்த்துக்குவ.”

ரேடியோ டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னும் மெதுவாக வாயசைத்தாள்.

“ஒண்ணு சொல்லவா? யார்கிட்டயும் சொல்லல. ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்களே, அப்ப என் குரல்ல கடைசியா நான் சொன்னது என்ன தெரியுமா?”

“என்ன?”

“மகன் வாசல்ல நிக்கிறான். அவன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்கலாம். உனக்கு ஃபோன் போட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் நர்ஸைப் பார்த்து, ‘கண்ணாடியைப் பத்திரமா வைம்மா’ன்னேன். அவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் பேசிப் பேசி, கடைசிப் பேச்சு மூக்குக் கண்ணாடிக்குப் போயிருச்சு. அதை நினைச்சா எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது.”

எறும்பு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததா இன்னும் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, முடிந்துவிட்டது.

“அந்த நர்ஸ் கண்ணாடியைப் பத்திரமா வெச்சாளா?”

“வெச்சா. ஒரு கீறல் இல்ல.”

“அப்ப வீணாப் போகலை.”

ரேடியோ அவளை முறைத்தாள்.

“அதுவும் இல்லாம,” என்று எறும்பு சொன்னாள், “அது எப்படிக் கடைசிப் பேச்சாகும்? இப்ப ஒரு மணி நேரமா என் உயிரை வாங்கறியே, இது என்ன?”

ரேடியோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடிக்க நேரம் பிடித்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டதும், பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, மறுபடி அந்த மூன்றாவது வரிசை டப்பாவிடம் போய் விரலை நீட்டிக் காட்டினாள். விரல் கொஞ்சம் கிட்டத்தில் போய்விட்டது.

“அம்மா! தொடாதீங்க. தள்ளி நில்லுங்க.”

மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்து வந்தார். நடுத்தர வயது, தொந்தி, சட்டையில் மியூசியம் பேட்ஜ். ரேடியோ திரும்பி அவரிடம் என்னவோ வாயசைத்தாள். அவர் முழித்தார். காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்து, குரலை உயர்த்தி, கைகால் எல்லாம் ஆட்டிச் சொன்னார்: “தொடக் கூடாது! படம்! தொடக் கூடாது!”

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ரேடியோவின் கை கழுத்துத் துணிக்குப் போனது. முகம் சுருங்கியது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் அவள் நேராக வாசலுக்குப் போய்விடுவாள், அதற்கப்புறம் வீட்டு வாசற்படியை எந்தக் காலத்திலும் தாண்ட மாட்டாள் என்று எறும்புக்குத் தெரிந்தது. முழங்காலை மறந்து விறுவிறுவென்று நடந்து நடுவில் போய் நின்றாள்.

“அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்” என்றாள். அறை முழுக்கக் கேட்கும்படி வந்தது அவள் குரல். “பேசவும் செய்யறாங்க. உங்களுக்குத்தான் கேக்கல.”

காவலாளி சட்டென்று அடங்கினார். “மன்னிச்சுக்கோங்கம்மா. நான் வேற மாதிரி நினைச்சுட்டேன். என்ன சொல்றாங்க?”

எறும்பு ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ தயங்கினாள். பிறகு வாய் அசைந்தது.

“அந்த ஏழாவது டப்பாவுக்கு மூடி சரியா உட்காரலைங்கறாங்க. இடது பக்கம் தூக்கிட்டு இருக்காம்.”

“அப்படியா?” காவலாளி அண்ணாந்து பார்த்தார். பக்கத்து டப்பாவைப் பார்த்தார். மறுபடி ஏழாவதைப் பார்த்தார். “அட, ஆமா! ஆறு வாரமா இங்கதான் உக்காந்திருக்கேன். தினம் மூணு தடவை ஒரு கைடு வந்து, எல்லாம் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கறதுதான் இந்தப் படத்தோட அர்த்தம்னு சொல்லிட்டுப் போறாரு.”

ரேடியோ படபடவென்று வாயசைத்தாள். எறும்பு கொஞ்சம் யோசித்து, “கைடு இன்னும் கொஞ்சம் கவனிச்சுப் பார்க்கலாம்னு சொல்றாங்க” என்றாள்.

ரேடியோ அவள் இடுப்பில் ஒரு குத்து விட்டாள். ‘சொன்னதைச் சொல்லுடி’ என்று அதற்கு அர்த்தம்.

“சரி. அவனுக்குக் கண்ணு பிடரியில இருக்கான்னு கேக்கறாங்க.”

காவலாளி சிரித்துவிட்டார். அவர் சிரிப்பது மியூசியத்துக்கே புதிது போலிருந்தது. மூலையில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதி கிட்டத்தில் வந்தார்கள். எந்த டப்பா என்று கேட்டார்கள். ரேடியோ காட்டினாள், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மோவாயால். அதோடு நிற்கவில்லை. ஐந்தாவது வரிசையில் இன்னும் ஒன்று உப்பியிருக்கிறது என்றாள். ஓடுகிற பெல்ட்டில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பார்த்திருக்கிறோம், இரண்டு டப்பா ஒன்றுபோல் இருந்து நாங்கள் பார்த்ததே இல்லை என்றாள். எறும்பு ஒவ்வொன்றையும் எடுத்துச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தொண்டை காய்ந்தது. இத்தனை பேர் முன்னால் அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான். ரேடியோ அவள் தோளைத் தொட்டுத் தொட்டுத் திருத்தினாள்.

திரும்புகிற பஸ்ஸில் எறும்பு பேச்சுமூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ஒரு நிறுத்தம் விடாமல் வாயசைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மகன்தான் கதவைத் திறந்தான். திறந்த கையோடு நோட்டை எடுத்து நீட்டினான். ரேடியோ அதை வாங்கி நாற்காலியில் போட்டாள். அவன் மோவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராக நிறுத்தி, மெதுவாக ஏதோ சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. உதவிக்கு எறும்பைப் பார்த்தான்.

“என்னைப் பார்க்காதே தம்பி” என்றாள் எறும்பு. “அம்மாவைப் பாரு.”

நான்கு தடவை சொன்ன பிறகு அவன் தடுமாறித் தடுமாறி, “படம்... நல்லா... இருந்துச்சு?” என்றான். ரேடியோ தலையாட்டினாள். அவன் அப்படியே அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். எறும்பு அந்த நேரத்தில் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

கண்காட்சி முடிகிற வரை இருவரும் இன்னும் இரண்டு தடவை போனார்கள். மூன்றாம் முறை காவலாளி தன் நாற்காலியை எறும்புக்குக் கொடுத்துவிட்டு நின்றார். டப்பாக்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு அந்த அறையில் பழைய வரைபடங்களை மாட்டினார்கள். அதையும் போய்ப் பார்த்தார்கள். வரைபடம் எதுவும் இருவருக்கும் விளங்கவில்லை. எட்ட எட்ட நின்று பேசுவதற்கு அறை நீளமாக இருந்தது, அது போதும்.

மகனுக்கு அம்மாவின் பேச்சு அரைகுறையாகத்தான் பிடிபட்டது. மருமகள் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்க்கிறவளுக்கு இது ஒரு பெரிய காரியமா என்று ரேடியோ சொன்னாள். ஆனால் சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை மதியம் எறும்பு போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வீடு நிசப்தமாக இருந்தது. பேத்தி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டில் ரேடியோ இடுப்பில் கை வைத்து ஒரு பக்கம், மருமகள் கையில் கரண்டியோடு மறுபக்கம். இருவர் வாயும் மெஷின் வேகத்தில் அசைந்துகொண்டிருந்தன. குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று மருமகளும் குரலை விட்டுவிட்டு வெறும் வாயில்தான் பேசினாள்.

“ஈரத்துணியை உள்ள காயப்போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? எனக்கு மூச்சு முட்டுது.”

“வெளிய போட்டா தூசி அத்தை. அந்தத் தூசி உங்க கழுத்துத் துணியிலதான் ஒட்டும். டாக்டர் என்ன சொன்னாரு?”

“டாக்டர் வந்தா துணி காயப்போடறாரு?”

“நீங்க சொல்ற மாதிரியும் செய்ய முடியாது, அவர் சொல்ற மாதிரியும் செய்ய முடியாதுன்னா நான் எங்கதான் போடறது, என் தலையிலயா?”

ஏழு மாதம் அந்த வீட்டில் யாரும் ரேடியோவை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது மருமகள் கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினாள். ரேடியோவின் முகம் சிவந்திருந்தது, கண் பளபளத்தது. அவள் இத்தனை நன்றாக இருந்து எறும்பு பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

இருவரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்றவளைக் கண்டார்கள்.

“நீங்களே சொல்லுங்க சித்தி, இது நியாயமா?” என்று மருமகள் வாயசைத்தாள்.

“அவளை எதுக்குக் கேக்கற? அவ என் பக்கம்” என்றாள் ரேடியோ.

எறும்பு பையைக் கீழே வைத்தாள். இரண்டு வாயும் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.